ரிட்டர்ன் டிக்கெட் யார் கையில?

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை நான் ஒரு மாக் இன்டர்வியூ எடுத்தேன். ஆபீஸ்ல ஃப்ரெஷர்ஸுக்கு எடுத்து எடுத்து அது எனக்குப் பழகிப்போன வேலை. ஆனா இந்தத் தடவை எதிர்ல உட்கார்ந்திருந்தது என் சித்தி. ஊர் சிவகாசிக்குப் பக்கத்துல திருத்தங்கல். வயசு 44. சென்னை ஓ.எம்.ஆர்.ல ஒரு ஃப்ளாட், எட்டு மாசக் குழந்தை, அப்பா அம்மா ரெண்டு பேருமே ஐடி. வீட்டோட தங்கிக் குழந்தையைப் பார்த்துக்க ஆள் தேடுறாங்க. புதன்கிழமை வீடியோ கால்ல சித்திகிட்ட பேசப் போறாங்க.

"ஏய்யா, நீ நெறைய இன்டர்வியூ பாத்தவன். என்ன கேப்பாக, என்ன சொல்லணும்னு சொல்லிக்குடு" அப்படின்னாங்க.

சரின்னு ஆரம்பிச்சேன். "இதுக்கு முன்னாடி என்ன வேலை பார்த்தீங்க?"

"பட்டாசு ஆபீஸ்ல சரம் பின்னுனேன்."

சிவகாசிப் பக்கம் தொழிற்சாலைன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ்தான். நாம டெக் பார்க்குக்குப் போறதுக்கு ரொம்ப முன்னாடியே அந்த ஊரே ஆபீஸுக்குப் போய்ட்டிருந்துச்சு.

"குழந்தை பார்த்துக்கிட்ட அனுபவம்?"

"எம் பிள்ளைக ரெண்டு. அப்புறம்... ஆபீஸ்ல தொட்டில் ரூம்ல நாலு வருசம் நிறுத்தி வச்சிருந்தாக. வேலைக்கு வர்ற பொம்பளையாளுக பிள்ளைகளப் பாத்துக்கிட."

"எத்தனை பிள்ளைங்க?"

"ஒரு நேரத்துக்குப் பன்னெண்டு, பதினஞ்சு கெடக்கும்."

"சித்தி, இதை ஏன் முதல்லயே சொல்லல?"

"அதெல்லாம் ஒரு வேலையா?"

இந்தப் பதிலை மனசுல வச்சுக்கோங்க. திரும்ப இதுக்கு வருவேன். கடைசியா, நம்ம எல்லா இன்டர்வியூவும் முடியற மாதிரி, "உங்களுக்கு எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா?"ன்னு கேட்டேன். சித்தி சிரிச்சுட்டாங்க. "வேலைக்கு வாரவ கேள்வி கேட்டா எவ சேத்துக்கிடுவா?"

இந்த எபிசோட் அந்தச் சிரிப்பைப் பத்தினதுதான். வீட்டோட தங்கி அடுத்தவங்க குழந்தையை வளர்க்கிற வேலைக்கு நம்ம ஊர்ப் பெண்கள் எப்போ இருந்து இன்டர்வியூ கொடுத்துட்டு இருக்காங்க? அவங்ககிட்ட என்ன கேட்டாங்க? அவங்க எதைக் கேட்க முடியாமப் போச்சு?

முதல்ல அந்த வார்த்தை. ஆயா. சில ஊர்கள்ல ஆயான்னா பாட்டி. ஆனா ஸ்கூல் ஆயா, அங்கன்வாடி ஆயான்னு சொல்றோமே, அந்த ஆயா வேற வழியா வந்தவர். போர்த்துகீசிய மொழியில் 'ஆய்யா' என்றால் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பெண். போர்த்துகீசியர்கள் விட்டுப்போன அந்தச் சொல்லை ஆங்கிலேயர்கள் எடுத்துக்கொண்டார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலிருந்து இந்தியாவில் வாழ்ந்த வெள்ளைக்காரக் குடும்பங்களில் குழந்தையைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்கவைத்து, இரவில் கூடவே படுத்துக்கொண்ட பெண்ணுக்கு அதுதான் பெயர்.

அதுல 'மெட்ராஸ் ஆயா'வுக்குத் தனி மவுசு. ஒரு காரணம் மொழி. வடக்கே துரைமார் வேலையாட்களிடம் இந்துஸ்தானி பேசினார்கள். மெட்ராஸ் மாகாணத்தில் வேலையாட்களே ஆங்கிலம் பேசக் கற்றுக்கொண்டார்கள். இவர்களில் பலர் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்தவர்கள், நிறையப் பேர் கிறிஸ்தவர்கள். அதாவது இன்னிக்கு நாம 'கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ்'னு ரெஸ்யூமேல போடுறோமே, அதை வச்சுத்தான் அந்தப் பெண்களும் வேலை வாங்கினாங்க.

அவங்களுக்கும் ரெஸ்யூமே உண்டு. அதுக்குப் பேர் 'சிட்'. சிட்டி, கடிதம்னு அர்த்தம் வர்ற இந்தி வார்த்தையிலிருந்து வந்தது. ஒரு குடும்பத்தில் வேலை முடிந்து போகும்போது எஜமானி ஒரு துண்டுக் கடிதம் எழுதிக் கொடுப்பார். நாணயமானவள், குழந்தைகளிடம் பிரியமானவள் என்கிற மாதிரி. அந்தக் கடிதங்களைத் துணியில் சுற்றிப் பத்திரப்படுத்தி, அடுத்த வீட்டு வாசலில் நீட்ட வேண்டும். கடிதம் இல்லையென்றால் வேலை கிடைப்பது கஷ்டம். அதனால் அடுத்தவர் கடிதத்தைக் கடன் வாங்கிக்கொண்டு போனவர்களும் இருந்தார்கள்.

இதுல ஒரு கொடுமை இருக்கு. கடிதம் ஆங்கிலத்தில் இருக்கும். அதைச் சுமந்துகொண்டு போகிறவருக்கு ஆங்கிலம் பேசத்தான் தெரியும், படிக்கத் தெரியாது. உள்ளே திட்டி எழுதியிருந்தாலும் தெரியாமல் பெருமையாக நீட்டுவார். அந்தக் காலத்து ஆங்கிலேயர்கள் இதை ஒரு ஜோக்காகவே எழுதி வைத்திருக்கிறார்கள். உங்களைப் பத்தின ஃபீட்பேக்கை நீங்களே கையில தூக்கிட்டுப் போறீங்க, ஆனா அதுல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது.

மறுபக்கம், எஜமானிகளுக்குக் கைடு புத்தகமே இருந்துச்சு. ஃப்ளோரா ஆனி ஸ்டீல், கிரேஸ் கார்டினர் என்ற இருவர் சேர்ந்து 1888இல் வெளியிட்ட இந்தியக் குடும்ப நிர்வாகக் கையேடு பல பதிப்புகள் கண்டது. எந்த வேலையாளுக்கு என்ன வேலை, எப்படிக் கண்காணிப்பது என்று எல்லாம் அதில் உண்டு. இந்திய வேலையாட்களைச் சின்னக் குழந்தைகளைப் போலவே நடத்த வேண்டும் என்பது அந்தப் புத்தகத்தின் அடிப்படைப் பாடம். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. தன் குழந்தையை ராத்திரி பகல் நம்பி ஒப்படைக்கிற அதே பெண்ணை, பெரிய மனுஷியாகவே கணக்கில் எடுக்கல. வேலைக்கு எடுக்கிறவங்களுக்குக் கையேடு வந்துச்சு. வேலைக்குப் போறவங்களுக்கு அப்படி ஒண்ணு வரல.

இப்போ கப்பல் ஏறுவோம். வெள்ளைக்காரக் குடும்பங்கள் இங்கிலாந்துக்குத் திரும்பும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாவையும் அழைத்துப்போனார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறப்பதற்கு முன்னால் ஆப்பிரிக்காவைச் சுற்றி மாதக்கணக்கில் பயணம். இதற்கென்றே தேர்ந்தவர்கள் 'பயண ஆயா'க்கள். இவர்களிடம் எதிர்பார்த்த முக்கியத் தகுதி என்ன தெரியுமா? கடலில் வாந்தி எடுக்காமல் இருக்கணும். கப்பல் ஆடும்போது மேம்சாகிப் படுத்துவிடுவார். குழந்தையை வைத்துக்கொண்டு நிற்க ஒருத்தர் வேண்டும் அல்லவா? பிற்காலத்தில் ஆன்டனி பரேரா என்ற ஆயா இப்படி 54 தடவை பயணம் செய்தவர் என்று பதிவாகியிருக்கிறது.

இங்கதான் பிரச்சினை. போவதற்கான டிக்கெட்டைக் குடும்பம் எடுத்துவிடும். திரும்பி வருவதற்கு? சிலருக்கு ரிட்டர்ன் டிக்கெட் கிடைத்தது. சிலருக்கு வாய்வார்த்தை மட்டும். லண்டனில் இறங்கியதும் வேலை முடிந்தது. குடும்பம் தன் ஊருக்குப் போய்விடும். ஆயா கிழக்கு லண்டன் வாடகை விடுதிகளில், கையில் காசு இருக்கிற வரை காத்திருக்க வேண்டும். இந்தியாவுக்குப் போகிற இன்னொரு குடும்பம் தன்னை வேலைக்கு எடுக்காதா என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தவர்களும் உண்டு. ஊருக்குத் திரும்பி வரவே இன்னொரு இன்டர்வியூ பாஸ் பண்ணணும்!

இப்படி நின்ற பெண்களுக்காக லண்டன் ஆல்ட்கேட்டில் 'ஆயாக்கள் இல்லம்' என்று ஒன்று உருவானது. 1900இல் லண்டன் சிட்டி மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு அதை எடுத்து நடத்தத் தொடங்கி, ஹாக்னியில் கிங் எட்வர்ட்ஸ் ரோடு 26ஆம் எண் வீட்டுக்கு மாற்றியது. 30 அறைகள். ஆண்டுக்குச் சுமார் 100 பெண்கள் வந்து தங்கினார்கள். இந்திய ஆயாக்களோடு சீனாவிலிருந்து வந்த 'ஆமா'க்களும் இருந்தார்கள். தங்குமிடம், பிரச்சாரம் ரெண்டும் அங்கே நடந்தது. இன்னொரு வேலையும் நடந்தது. ஆயாவை அழைத்துவந்த குடும்பம் ரிட்டர்ன் டிக்கெட்டை இல்லத்தில் கொடுத்துவிடும். இந்தியா போகிற வேறொரு குடும்பம் இல்லத்துக்கு வந்து ஆயாவைத் தேர்ந்தெடுத்து, அந்த டிக்கெட்டுக்கான பணத்தைக் கொடுத்து அவரை அழைத்துப்போகும். அந்தப் பணத்தில் இல்லம் அதுவரை ஆயாவைப் பராமரித்தது. இப்ப இருக்கிற பிளேஸ்மென்ட் ஏஜென்சி மாதிரிதான்.

எல்லாருக்கும் அந்த இல்லத்துக்கு வழி தெரியவில்லை. 1908இல் பம்பாயிலிருந்து ஒரு குடும்பத்தோடு வந்த ஆயா, லண்டனில் இன்னொரு குடும்பத்துக்குக் கைமாற்றப்பட்டார். அவர்கள் ஸ்காட்லாந்துக்கு அழைத்துப்போனார்கள். இரண்டு வாரம் கழித்து, லண்டன் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனில் கையில் ஒரு பவுண்டைக் கொடுத்து விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். விஷயம் இந்தியா ஆபீஸ் வரை போனது. யார் பொறுப்பு? அழைத்துவந்தவரா, கைமாற்றியவரா, கடைசியில் வேலை வாங்கியவரா? ஒவ்வொருத்தரும் அடுத்தவரைக் கைகாட்ட இடமிருந்தது. ஏன்னா அந்தப் பெண் கையில் அவர் பெயருக்கு எழுதின ஒப்பந்தம் எதுவும் இல்லை.

2022 ஜூனில் அந்த ஹாக்னி வீட்டில் இங்கிலீஷ் ஹெரிடேஜ் அமைப்பு நீலநிறப் பலகை ஒன்றை மாட்டியது. ஃபர்ஹானா மமூஜி என்ற தெற்காசிய வம்சாவளிப் பெண் பல வருஷம் முயற்சி எடுத்ததால் நடந்தது அது. ஆயாக்களைப் பத்தி நமக்கு இவ்வளவு தெரியறதுக்கு முக்கியக் காரணம், வரலாற்றாசிரியர் ரோசினா விஸ்ராம் 1986இல் வெளியிட்ட ஆய்வு. அதுவரைக்கும் இவங்க பழைய குடும்ப போட்டோக்களில் குழந்தையைத் தூக்கிட்டு ஓரத்துல நிக்கிற, பேர் எழுதாத ஆட்கள்.

சரி, லண்டன்ல இருந்து திருத்தங்கலுக்கு வருவோம். சித்தி ஏன் இப்போ இந்த வேலைக்கு வர்றாங்க?

1920களின் தொடக்கத்துல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்தாங்கன்னு சிவகாசியில எல்லாருக்கும் தெரியும். அந்தக் கரிசல் பூமியில வானம் பொய்ச்சாலும் சோறு போட்டது தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும்தான். அதுல பாதிக்கு மேல பெண்களோட கை. சின்னக் கைகளும் இருந்துச்சு. சித்தி எட்டு வயசுல தீப்பெட்டி ஒட்டினவங்க. விடியறதுக்கு முன்னாடி வண்டி வந்து பிள்ளைங்களை அள்ளிட்டுப் போகும். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்குல 1996 டிசம்பர் 10 அன்னிக்கு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னப்போ சித்திக்கு அந்த வயசெல்லாம் தாண்டிடுச்சு.

அப்புறம் பட்டாசுல சரம் பின்னுற வேலை. 2018 அக்டோபர் 23 அன்னிக்கு உச்ச நீதிமன்றம் காற்று மாசைக் காரணம் காட்டி சரவெடிக்குத் தடை போட்டுச்சு, பேரியம் உப்புக்கும் தடை. மாசு நிஜம், தீர்ப்புக்குக் காரணமும் இருக்கு. ஆனா சரவெடி நின்னா சரம் பின்னுறவங்க வேலையும் நிக்கும். பின்னாடியே கொரோனா வந்துச்சு. இடையில ஒவ்வொரு வருஷமும் விபத்துச் செய்திகள். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி வெடிவிபத்தை அந்தப் பக்கம் யாரும் மறக்கல. "மருந்து ரூமுக்கு இனிமே போக மாட்டேன்"ன்னு சித்தி சொன்னப்போ யாரும் ஏன்னு கேக்கல.

இப்போ அந்தத் தொட்டில் ரூம். 1948ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தோட 48ஆவது பிரிவு, 30 பெண்களுக்கு மேல வேலை பார்க்கிற இடத்துல ஆறு வயசுக்கு உட்பட்ட அவங்க குழந்தைகளுக்குக் காப்பகம் இருக்கணும்னு சொன்னுச்சு. காப்பகத்தைப் பார்த்துக்கிறவர் குழந்தை வளர்ப்புல பயிற்சி பெற்றவரா இருக்கணும்னும் சொன்னுச்சு. சித்திக்கு யாரும் பயிற்சி கொடுக்கல. இருந்தாலும் நாலு வருஷம் பதினஞ்சு குழந்தைங்க. எந்தக் குழந்தைக்கு எப்போ பால், எதுக்குக் காய்ச்சல், எது அழுதா பசி, எது அழுதா தூக்கம்னு எல்லாம் தெரியும். ஆனா வெளிய வரும்போது ஒரு துண்டுச் சீட்டு கூடக் கிடைக்கல. மெட்ராஸ் ஆயாவுக்காவது ஒரு சிட் இருந்துச்சு. இவங்களுக்கு அதுவும் இல்ல. அதனாலதான் "அதெல்லாம் ஒரு வேலையா?"

நான் நோட்டுப் புத்தகத்துல எழுதினேன்: குழந்தைகள் காப்பகத்தில் நான்கு ஆண்டு அனுபவம். சித்தி அந்த வரியை ரெண்டு தடவை படிச்சாங்க.

அனுபவத்தைச் சொல்ல வச்சாச்சு. கேள்வி கேக்க வைக்கணுமே. அதுக்காக நான் ரிசானா நஃபீக்கைப் பத்திச் சொன்னேன்.

இலங்கை, திருகோணமலை மாவட்டம், மூதூர். தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பம். 2005 மே மாதம் ரிசானா சவுதி அரேபியாவின் தவாத்மிக்கு வீட்டு வேலைக்குப் போனார். பாஸ்போர்ட்டில் பிறந்த ஆண்டு 1982 என்று இருந்தது. உண்மையில் அவர் பிறந்தது 1988 பிப்ரவரி. அதாவது வயது 17. போனது வீட்டு வேலைக்கு. அங்கே போனதும் நான்கு மாதக் குழந்தைக்குப் புட்டிப்பால் கொடுக்கிற பொறுப்பும் சேர்ந்துகொண்டது. மே 22ஆம் தேதி அவர் கவனிப்பில் இருந்தபோது குழந்தை இறந்தது. பால் கொடுக்கும்போது மூச்சுத் திணறியது என்றார் ரிசானா. கொலை என்றது வழக்கு. ஆரம்ப விசாரணையில் வக்கீல் இல்லை. 2007இல் மரண தண்டனை. உலகம் முழுக்கக் கோரிக்கைகள் போயும், 2013 ஜனவரி 9 அன்று தண்டனை நிறைவேற்றப்பட்டது. அதற்குப் பிறகுதான் சவுதிக்கு வீட்டு வேலைக்குப் போகிற பெண்களின் குறைந்தபட்ச வயதை இலங்கை 25 ஆக உயர்த்தியது.

சித்தி ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "பால் குடிச்ச பிள்ளையைத் தோள்ல போட்டு ஏப்பம் எடுக்க வைக்கணும். அத அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லிக் குடுக்கலையா?"ன்னு கேட்டாங்க.

யாரும் சொல்லிக் கொடுக்கல. என்ன வேலைன்னும் யாரும் தெளிவாச் சொல்லல.

கிங்ஸ் கிராஸ்ல நின்ன பெண்ணுக்கும் ரிசானாவுக்கும் நடுவுல நூறு வருஷம். ஆனா ரெண்டு பேருக்கும் ஆரம்பத்துல கிடைக்காத பதில்கள் ஒண்ணுதான்: என்ன வேலை, யார் பொறுப்பு, என் காகிதம் யார்கிட்ட, நான் எப்படி வீடு திரும்புவேன்?

2011 ஜூன் 16 அன்னிக்கு ஜெனீவாவுல சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, வீட்டு வேலை செய்றவங்களுக்கான 189ஆவது உடன்படிக்கையை நிறைவேத்துச்சு. அதைப் படிக்கும்போது எனக்கு ஒரு இன்டர்வியூ செக்லிஸ்ட் படிக்கிற மாதிரியே இருந்துச்சு. வேலை கொடுக்கிறவர் பேர், முகவரி, என்ன மாதிரி வேலை, சம்பளம், வேலை நேரம், லீவு, சாப்பாடு, தங்கும் இடம், வேலையை விட்டு நிக்க எவ்வளவு நாள் நோட்டீஸ் எல்லாம் முன்கூட்டியே சொல்லணும். வேற நாட்டுல இருந்து வந்தவங்கன்னா திரும்ப அனுப்புறது எப்படின்னும் சொல்லணும். அடையாள ஆவணங்கள் வேலை செய்றவர் கையிலதான் இருக்கணும். வீட்டோட தங்குறவங்க, ஓய்வு நாள்ல அந்த வீட்டுலயே கிடக்கணும்னு கட்டாயம் இல்ல. இந்தியா ஜெனீவாவுல ஆதரிச்சு ஓட்டுப் போட்டுச்சு. ஆனா இதுவரைக்கும் ஏத்து உறுதி செய்யல. வீட்டு வேலைக்குன்னு நாடு முழுக்கத் தனிச் சட்டம் இல்லாததை 2025 ஜனவரியில உச்ச நீதிமன்றமே சுட்டிக்காட்டி, சட்டம் கொண்டுவர்றதைப் பரிசீலிக்கச் சொன்னுச்சு. தமிழ்நாட்டுல 2007இல் இருந்து வீட்டுப் பணியாளர் நல வாரியம் இருக்கு. சித்திக்கு அப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது.

சட்டம் வர்ற வரைக்கும் அந்தக் கேள்விகளை நாமதான் வாயால கேக்கணும். ரெண்டு பேரும் உட்கார்ந்து அஞ்சு கேள்வி எழுதினோம். குழந்தையைப் பார்க்கிறது மட்டுமா, சமையல், பாத்திரமும் சேர்த்தா? ராத்திரி குழந்தை முழிச்சா யார் எந்திரிக்கிறது, அடுத்த நாள் எனக்கு எப்போ தூக்கம்? நான் எங்க படுக்கிறது? வாரத்துல எந்த நாள் லீவு, பொங்கலுக்கு ஊருக்குப் போகலாமா? குழந்தைக்கு உடம்பு சரியில்லன்னா நான் யாருக்கு முதல்ல போன் பண்ணணும்? ஆறாவதா ஒண்ணு சித்தியே சேர்த்தாங்க. அது கேள்வி இல்ல. "ஆதார் கார்டு நகல் தாரேன். ஒரிஜினல் எங்கிட்டதான் இருக்கும்."

புதன்கிழமை கால் நடந்துச்சு. நான் கேமராவுக்கு வெளிய உட்கார்ந்திருந்தேன். குழந்தையோட அம்மா அன்பாத்தான் பேசினாங்க. சித்தி முதல் ரெண்டு கேள்விகளைக் கேட்டாங்க. படுக்கிற இடத்தைப் பத்திக் கேட்டப்போ அந்தப் பக்கம் கொஞ்சம் அமைதி. "ஹால்ல படுத்துக்கலாம், ஏசி இருக்கு"ன்னு பதில் வந்துச்சு. ஆதார் விஷயம் சொன்னதும் அப்பா முகம் மாறுச்சு. "பேசிட்டுச் சொல்றோம்"னாங்க. நம்ம எல்லாருக்கும் அந்த வாக்கியத்தோட அர்த்தம் தெரியும். மறுநாள் வரை போன் வரல.

"நாந்தான் சொன்னேன்ல"ன்னாங்க சித்தி. கோபம் இல்ல, ஆனா எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. வேலை தேவைப்பட்டது அவங்களுக்கு. கேள்வி கேக்கச் சொன்னது சம்பளம் வாங்கிட்டு இருக்கிற நான்.

மூணு வாரம் கழிச்சு வேற ஒரு வீடு, பெரும்பாக்கத்துல. அங்கேயும் அதே கேள்விகளைக் கேட்டாங்க. ராத்திரிக் கேள்வி வந்தப்போ அந்தக் குழந்தையோட அம்மா, "இதை நாங்க யோசிக்கவே இல்லையே"ன்னு சொல்லிட்டு, பேப்பர் எடுத்து எழுதிக்கிட்டாங்க. ஞாயித்துக்கிழமை லீவு. பாத்திரம் இல்ல. தனி ரூம் இல்லை, குழந்தை ரூம்லயே ஒரு கட்டில். சித்தி சரின்னாங்க. பொதிகையில ஏறி வந்து இறங்கினப்போ பையில ஆதார், நல வாரியத்துக்கு எழுதின விண்ணப்பம், ஒரு டப்பா நிறையக் காராச்சேவு.

கடைசியா உங்களுக்கு. இதைக் கேக்கிற பாதிப் பேர் இன்னும் அஞ்சு, பத்து வருஷத்துல அந்த வீடியோ காலோட இந்தப் பக்கம் உட்காரப் போறீங்க. நம்ம குழந்தையை யாரோ ஒரு சித்தி கையில கொடுக்கப் போறோம். அன்னிக்கு அவங்க எதுவும் கேக்காம எல்லாத்துக்கும் தலையாட்டினா, "ரொம்ப நல்ல மாதிரி"ன்னு சந்தோஷப்படாதீங்க. எங்க படுப்பீங்க, எப்போ தூங்குவீங்க, எப்போ ஊருக்குப் போவீங்கன்னு நீங்களே சொல்ல ஆரம்பிங்க. வேலை முடிஞ்சு போகும்போது அவங்க படிக்கத் தெரிஞ்ச மொழியில ஒரு அனுபவச் சான்று எழுதிக் கொடுங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.